ஆறு வாரத்துக்கு மேல்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவளை எல்லோரும் லாண்டரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய உருளை ஒருநாள் அவளுடைய இடது கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. மூன்று விரல்கள் போயின. அதன்பிறகு மாதாமாதம் அரசாங்கம் தரும் ஊனமுற்றோர் உதவித்தொகைதான் அவளுடைய வாடகை, அரிசி, விளக்கு எல்லாம்.

வெளிநாட்டில் குடும்பத்தோடு இருந்த தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. பரிசோதித்துப் பார்த்ததில் அக்காவுடையது அச்சாகப் பொருந்தியது. அவள் யோசிக்கவே இல்லை. யோசித்ததெல்லாம் உதவித்தொகையைப் பற்றித்தான். கிளம்புமுன் அதைத் தரும் அலுவலகத்துக்குப் போய், வெளிநாட்டில் இருந்தால் பணம் வருமா என்று கேட்டாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அதிகாரி சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவள் மனசுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் கறார். போகும் தேதி, திரும்பும் தேதி, தங்கும் விலாசம் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டு, ஆறு வாரம்வரை பணம் வரும், அதைத் தாண்டினால் நின்றுவிடும் என்று அவர் சொன்னார். ஆறு வாரம் தாராளம் என்று விமானம் ஏறினாள்.

போன இடத்தில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் இறங்கினால் சளி, சளி போனால் மறுபடி காய்ச்சல். டாக்டர்கள் அறுவை சிகிச்சையைத் தள்ளிக்கொண்டே போனார்கள். ஐந்தாவது வாரமும் முடிந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தே தம்பி விஷயத்தைப் புரிந்துகொண்டான்.

"நீ ஊருக்குப் போயிடுக்கா. உன் பொழப்பக் கெடுத்துட்டு நான் எந்திரிச்சு என்ன பண்ணப் போறேன்?"

"வாய மூடிட்டுப் படு. குடுக்க வந்தவ குடுத்துட்டுத்தான் போவேன்" என்றாள் அவள். வாய் அப்படிச் சொன்னாலும் ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பணம் நின்றால் அறை போகும். அறை போனால், ஒற்றைச் சிறுநீரகத்தோடும் ஒன்றரைக் கையோடும் எங்கே போய் நிற்பது? மறுநாள் காலை தம்பி மனைவியிடம் போனை வாங்கி, துணிந்து அலுவலகத்துக்குப் பேசினாள். அகப்பட்டது கறார்தான்.

அவர் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தேதி நீட்டிக்க வேண்டுமானால், போன இடத்தில் அவளே சிகிச்சையில் இருக்கவேண்டும் என்றார்.

"சிகிச்சை தம்பிக்குத்தான் சார். எனக்கு ஒண்ணுமில்ல, நான் குடுக்குறவ."

போனில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"உங்க வயித்தையும் கீறுவாங்கல்ல?"

"ஆமா சார்."

"கீறினா தையல் போடுவாங்க, தையல் ஆறுறவரைக்கும் பெட்ல கிடக்கணும். அப்ப நீங்களும் நோயாளிதாம்மா. உங்க பேருக்கு டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கி அனுப்புங்க. ஆறாவது வாரம் முடியறதுக்குள்ள அனுப்பிடுங்க. தப்பித் தவறிகூட லேட் பண்ணாதீங்க."

அவள் நன்றி சொல்வதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

டாக்டரின் கடிதம் அன்று மாலையே மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்தது. எட்டாவது வாரம் அறுவை சிகிச்சை நடந்தது. கண் விழித்தபோது விலாப்பக்கம் நெருப்பாக எரிந்தது. தம்பி மனைவி ஓடிவந்து, "அண்ணி, அவருக்கு மூத்திரம் எறங்கிடுச்சு, பை நெறைஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டுத் தேம்பினாள். உலகத்தில் யாரும் மூத்திரத்துக்காக இப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்து அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. அந்த மாதமும் அடுத்த மாதமும் உதவித்தொகை வழக்கமான தேதியில் கணக்கில் விழுந்தது.

பதின்மூன்றாம் வாரம் ஊர் திரும்பிய மறுநாளே அலுவலகத்துக்குப் போனாள். கறார் தலை நிமிராமல், வந்து சேர்ந்த தேதியை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள்.

"நீங்க மட்டும் அன்னிக்கு எடுத்துச் சொல்லலேன்னா, பாதியில திரும்பி வந்திருப்பேன் சார். என் தம்பி இருந்திருக்க மாட்டான்."

"ரூல்ல இருந்துச்சும்மா, சொன்னேன்" என்றார். காகிதத்தைக் கோப்பில் வைத்துக் கட்டினார். பிறகு கண்ணாடிக்கு அருகே குனிந்து, "தம்பி இப்ப நல்லா சாப்பிடுறாரா?" என்று கேட்டார்.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் முனகத் தொடங்கினார்கள். அவள் நகரவில்லை. தம்பி காலையில் என்ன சாப்பிடுகிறான், எவ்வளவு தூரம் நடக்கிறான், எப்போது வேலைக்குப் போகப்போகிறான் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.