பழகியவர்கள் தங்காத ஐஸ் பெக்டரி

கட்டாரில் குளிர்சாதன வேலை பழகித் திரும்பிய ஹில்மி, சாய்ந்தமருதில் மீனுக்கு ஐஸ் பெக்டரி திறந்தார். அவரிடம் வேலை பழகியவர்கள் ஒவ்வொருவராகக் கட்டாருக்கே பறந்தார்கள். கடைசியாகப் பழகிய நளீமும் விசா வந்துவிட்டதென்று சொன்ன அன்று ஹில்மிக்கு இருப்புக்கொள்ளவில்லை. இயந்திரத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

“இனி ஒருத்தனுக்கும் வேலை பழக்க மாட்டன்,” என்று மனைவி பஸ்மிலாவிடம் பொரிந்தார்.

“இஞ்ச பாருங்க, நளீம் போறதக் கேள்விப்பட்டுத்தான் வேலை பழக அஞ்சு பேர் வந்து நிக்கிறாங்க. முந்தி ஒருத்தரும் வரல்லயே. எல்லாருக்குமா விசா கிடைக்கும்?”

ஹில்மி வெளியே போய், “பழகினாப் பறந்திருவீங்களா?” என்று கேட்டார்.

“ஓம்,” என்றார்கள், கூச்சமில்லாமல்.

ஐவரையும் சேர்த்துக்கொண்டார். மூவர் பறந்தார்கள். தங்கிய இருவரைக் கொண்டு இரண்டாவது இயந்திரமும் ஓடியது. ஆனாலும் அவர்களில் யாருடைய போன் அடித்தாலும், விசாவோ என்று ஹில்மி இயந்திரத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார்.