ஆவர்பெக் பண்ணையின் ஒரே இரத்தம்

எவால்ட் ஆவர்பெக் முப்பத்தெட்டு ஆண்டுகள் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தும் அரசு வேலையில் இருந்தார். முன்ஸ்டர் வட்டாரத்தில் அவரைக் கண்டதும் தராசைத் துடைக்காத இறைச்சிக்கடைக்காரர் கிடையாது. ஓய்வுபெற்ற பின் சோதிக்கத் தராசு இல்லாமல் போகவே, செத்துப்போனவர்களைச் சோதிக்க ஆரம்பித்தார். அவர்கள் எதிர்த்துப் பேசுவதில்லை என்பது கூடுதல் வசதி.

வம்சம் தேடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. அரசனைத் தேடுகிறவர்கள் ஒரு வகை. உண்மையைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு அரசனைத் தேடுகிறவர்கள் இன்னொரு வகை. எவால்ட் இரண்டாம் வகை. ஆனால் ஆசை சிறியது. அவருக்கு அரசன்கூட வேண்டாம், ஓஸ்டர்லோ கிராமத்து ஆவர்பெக் பண்ணை போதும்.

காரணம் இருந்தது. பண்ணைக்குச் சொந்தக்காரர் லூட்கர் ஆவர்பெக். எவால்டின் அப்பா பிறந்ததோ அந்தப் பண்ணையின் தெற்கு ஓரத்துக் கூலிக்குடிசையில். பெயர் ஒன்றுதான், என்றாலும் பண்ணை வீட்டில் இவர்களைக் ‘குடிசைக்காரர்கள்’ என்றுதான் சொல்வார்கள். கல்யாணத்துக்கு அழைப்பு வரும், பின்வாசல் வழியாக. பெரிய மேசையில் உட்காரச் சொல்லி ஒருவரும் அழைத்ததில்லை.

ஆறு வருட உழைப்பில் எவால்ட் அதை மாற்றிக் காட்டினார். இரு குடும்பமும் பெரென்ட் ஆவர்பெக் என்ற ஒரே மனிதனின் பிள்ளைகள் வழி வந்தவை. அந்த பெரென்டோ 1612-இல் பண்ணையை நிறுவியவரின் நேர் வாரிசு. வரைபடத்தைப் பார்த்த லூட்கருக்குப் பெருமை தாங்கவில்லை. களஞ்சியத்தின் பெரிய வாசலுக்குப் புதிதாக ஓக் மர உத்தரம் செய்யக் கொடுத்திருந்தார். அதில் ‘1612 முதல் ஒரே இரத்தம்’ என்று செதுக்கச் சொன்னார். ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘ஆராய்ந்தவர் எவால்ட் ஆவர்பெக்’. உத்தரம் ஏற்றும் சனிக்கிழமை பெரிய மேசையில் லூட்கருக்குப் பக்கத்து நாற்காலி எவால்டுக்கு. மனைவி ஹெட்விக் அதற்கென்றே புது உடுப்பு வாங்கினாள்.

இதோடு விட்டிருந்தால் நல்லபடியாக முடிந்திருக்கும். எவால்ட் அந்த வரைபடத்தை வம்ச ஆய்வாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் அனுப்பிவைத்தார். அங்கே சரிபார்ப்பவர் மெக்டில்ட் ஓஸ்டன்டார்ப். உத்தரம் ஏற்றவேண்டிய வாரத் தொடக்கத்தில் அந்த அம்மாள் தொலைபேசியில் அழைத்தார்.

“எவால்ட் ஐயா, பெரென்டோட கல்யாணப் பதிவை நீங்க எங்க பாத்தீங்க?”

“பள்ளிக்கூட வாத்தியார் எழுதின வம்சாவளியில இருக்கே.”

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள்ல எழுதினதா?”

“ஆமா.”

“அப்போ யூத இரத்தம் இல்லேன்னு அரசாங்கத்துக்குக் காட்ட, ஊரே சுத்த இரத்தம்னு சான்றிதழ் கேட்டு அவர் வாசல்ல வரிசையில நின்னுச்சு. மனுஷன் ராத்திரி பகலா எழுதித் தள்ளினாரு. மூலப் பதிவை நீங்க பாத்தீங்களா?”

“எல்லாம் பொருந்தி வந்துச்சு, அம்மா.”

“ஒரு கடைக்காரன் ‘எங்கப்பா சொன்னாரு, இது ஒரு கிலோதான்’னு சொன்னா முத்திரை குத்திக் குடுப்பீங்களா?”

எவால்ட் மறுநாள் முதல் பேருந்தில் முன்ஸ்டர் ஆவணக் காப்பகத்துக்குப் போனார்.

அந்தச் சீமையில் பெயர் மனிதனுக்குச் சொந்தமல்ல, மண்ணுக்குச் சொந்தம். பண்ணைக்கு வாரிசான பெண்ணைக் கட்டி உள்ளே வருகிறவன், தன் பெயரை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் பண்ணையின் பெயரை மாட்டிக்கொள்வான். இது அங்கே பால் கறக்கிற சிறுமிக்கும் தெரியும். எவால்டே மூன்று குடும்பங்களில் இதைக் கண்டுபிடித்து, “பெயரைப் பார்த்து ஏமாந்துட்டீங்களே” என்று சிரித்தவர். ஊரார் கண்ணில் துரும்பு தேடியவருக்குத் தன் கண்ணில் ஓக் மர உத்தரமே கிடந்தது தெரியவில்லை.

பண்ணையில் பிறந்த பெரென்ட் ஆவர்பெக் நான்கு வயதில் அம்மை கண்டு இறந்திருந்தான். அடக்கப் பதிவு தெளிவாக இருந்தது. 1756-இல் அவன் அக்காள் அன்னா கத்தரீனாவைக் கட்டி உள்ளே வந்தவன் வேறொரு பெரென்ட்: பெரென்ட் ஷ்ட்ரூக், மாடு மேய்ப்பவனின் மகன். அன்னா கத்தரீனா மறுவருடம் பிப்ரவரியில் முதல் பிரசவத்தில் குழந்தையோடு இறந்தாள். பெரென்ட் துக்கம் தாளாமல், மே மாதமே சமையல்கட்டில் வேலை செய்த எல்சாபைனைக் கட்டினான். ஏழு பிள்ளைகள். மூத்தவன் வழி லூட்கர். நான்காமவன் வழி எவால்ட். ஆவர்பெக் இரத்தம் கல்லறைக்குப் போய்விட்டது. பெயரும் நிலமும் மட்டும் மிச்சம்.

வீட்டில் ஹெட்விக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “சனிக்கிழமைதானே ஏத்துறாங்க? ஞாயித்துக்கிழமை சொல்லேன். செத்து இருநூறு வருஷம் ஆனவங்க ஒரு நாள் பொறுத்துக்க மாட்டாங்களா?”

“ஏத்தின பிறகு சொன்னா பொய்க்கு நானும் கூட்டுன்னு ஆயிடும்.”

“அந்த மேசையில ஒரு தடவை உக்காரணும்னு உங்கப்பா சாகிற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரே.”

“எனக்கும்தான் ஆசை.”

“அப்புறம் என்ன?”

எவால்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு லூட்கரிடம் போனார்.

லூட்கர் இரண்டு கோப்பைகளில் சாராயம் ஊற்றிவைத்துவிட்டு, கடைசிவரை கேட்டார்.

“ஆக, நீ எனக்குச் சொந்தம் இல்லேங்கிறே.”

“சொந்தம்தான். அதுல மாத்தமே இல்ல. ரெண்டு பேருமே ஷ்ட்ரூக். மாட்டுக்காரன் பிள்ளைங்க.”

“டேய், இந்த ஊர்ல எந்தப் பண்ணையில இப்படி நடக்கல? எல்லாருக்கும் தெரியும். எவனும் வாயத் தொறக்க மாட்டான். அதுக்குப் பேர்தான் மரியாதை.”

“அப்போ இரத்தம்னு எதுக்கு எழுதுறே? பண்ணைன்னு எழுது. அது நிஜம்.”

“செதுக்கியாச்சு. ஓக் மரம்டா, பள்ளிக்கூடத்துப் பலகையா, துடைச்சுட்டு எழுத?”

“அப்படின்னா என் பேர எடுத்துடு.”

லூட்கர் வாய்விட்டுச் சிரித்தார். “உங்க குடும்பத்துக்குக் கிடைச்ச ஒரே மரியாதை அதுதான்யா!”

“தெரியும். எடுத்துடு.”

“எடுத்துட்டா உனக்கு அந்த நாற்காலியும் இல்ல.”

எவால்ட் கோப்பையைத் தொடாமல் எழுந்தார்.

தச்சர் வில்லிபால்ட் அன்று மாலையே அந்தப் பெயரை உளியால் எடுத்தார். நல்ல வேலைக்காரர், ஆழமாகச் செதுக்கியிருந்தார். எடுத்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி விழுந்தது. சனிக்கிழமை பாதிரியார் புனித நீர் தெளித்தார், வாத்தியக்குழு ஊதியது, உத்தரம் ஏறியது. எவால்டும் ஹெட்விக்கும் பீர் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றபடி பார்த்தார்கள். புது உடுப்பைப் பார்க்க அங்கேயும் நாலு பேர் இருந்தார்கள். ஹெட்விக் அதில் ஓரளவு சமாதானமானாள்.

‘ஒரே இரத்தம்’ என்பதை ஒருவரும் வாசிக்கவில்லை. எல்லோரும் குழியைத்தான் பார்த்தார்கள்.

“அது என்ன லூட்கர், அந்த மூலையில?”

“மரத்துல ஒரு முடிச்சு. தச்சன் தோண்டி எடுத்தான்.”

முடிச்சுள்ள மரத்தை வாசலுக்கு எடுத்தான் என்ற பேச்சைத் தாங்குகிற தச்சன் அந்த வட்டாரத்தில் பிறக்கவில்லை. நாலாவது கோப்பைக்குப் பிறகு வில்லிபால்ட் மேசையைத் தட்டினார். “என் மரத்துல முடிச்சா? அங்க எவால்ட் பேரு இருந்துச்சு. ஏன் எடுத்தேன்னு அவர்கிட்டயே கேளுங்க!”

கேட்டார்கள். எவால்ட் தேதிகளோடு சொன்னார், கேட்டவர்களுக்கு மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும். கேட்காதவர்கள் யாருமில்லை.

அடுத்த வாரம், தங்கள் வம்சத்தையும் ஆராய்ந்து தரச் சொல்லியிருந்த மூன்று பண்ணைக்காரர்கள் தனித்தனியே வந்து, அவசரமில்லை, அவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆண்டு மலரில் திருத்திய வரைபடம் வந்தது. எல்சாபைனின் தகப்பன் பெயர் இருக்கவேண்டிய கட்டம் காலியாக இருந்தது. பண்ணை வேலைக்காரன் ஒருவன்தான் என்று ஒரு செவிவழிச் செய்தி இருப்பதை எவால்ட் அறிவார். பதிவு கிடைக்கவில்லை, அதனால் எழுதவில்லை.