கோட்டுக்குள் கட்டிய தம்

"...விட்டாத்தானே டாக்டரய்யா, மறுபடி வாங்கணும்? நான்தான் மூச்ச விடுறதே இல்லையே!"

பெஞ்சிலிருந்து இறங்கி நின்ற பாம்பன்காரர் இப்படிச் சொன்னதும் நாங்கள் கொல்லென்று சிரித்துவிட்டோம். அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. பாம்பன்காரரின் உதட்டையே பார்த்தார். நாவல்பழம் தின்ற மாதிரி அது கறுத்திருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். மண்டபம் பக்கத்துக் கரையில் ஒரு சின்னத் தீயணைப்பு நிலையம். நான் அதில் ஒரு வீரன். வீரன் என்பது சர்க்கார் கொடுத்த பேர். ஊர் கொடுத்த பேர் தண்ணி வண்டிக்காரன். அப்போது கச்சான் பிடித்திருந்தது. மேற்கிலிருந்து மணலை வாரிக்கொண்டு வரும் அந்தக் காற்றில் கரையோரத்து ஓலைக்கூரைகள் அத்தனையும் அப்பளமாகக் காய்ந்து கிடந்தன. ஒரு பீடிப்பொறி போதும். சோறு தின்னும்போதும் எங்கள் ஒரு காது மணியிலேயே கிடக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து டாக்டர் வந்தார், எங்கள் உடம்பில் எவ்வளவு தம் இருக்கிறதென்று அளக்க. காலித் தகரத்தைக் குச்சியால் தட்டுவார்; தட்டுக்குத் தட்டு பெஞ்சில் ஏறி இறங்க வேண்டும். நிறுத்தியதும் நாடி பார்ப்பார். துடிப்பு சீக்கிரம் அடங்கினால் நெஞ்சு கெட்டி என்று அர்த்தமாம்.

முதல் நாள் பனியனோடு ஏறினோம், விளையாட்டாக இருந்தது. மறுநாள் முழு உடுப்போடு: கழுத்துவரை பித்தான் போட்ட கம்பளிக் கோட்டு, முழங்கால் பூட்ஸ், கோடாலி செருகிய தோல்வார், பித்தளைத் தொப்பி.

"கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இம்புட்டு மாட்ட மாட்டாகளே" என்றார் எங்கள் டிரைவர்.

சிரிக்கத்தான் தெம்பில்லை. நாக்குத் தள்ளிவிட்டது.

"கோட்டு நெருப்பை உள்ளே விடாது. உங்க உடம்புச் சூட்டை வெளியேயும் விடாது" என்றார் டாக்டர். "அதோட எவ்வளவு நேரம் தாங்குவீங்கன்னு தெரிஞ்சாத்தான் உள்ளே அனுப்பலாம்."

பாம்பன்காரருக்கு மட்டும் இளைக்கவேயில்லை. எங்களில் முதலில் புகைக்குள் நுழைகிறவர் அவர்தான். வேலைக்கு வருமுன் சங்கு குளித்தவர். 'பாம்பன்காரன் உள்ள போனா புகைக்குத்தான் இருமல் வரும்' என்று எங்கள் நிலையத்தில் ஒரு பேச்சே உண்டு. கடலில் செய்ததையே அவர் பெஞ்சிலும் செய்தார். ஒரு வாய் காற்று வாங்குவார், அதைக் கட்டி வைத்துக்கொண்டே ஏறி இறங்குவார், முடியாதபோது இன்னொரு வாய். அதைத்தான் அவ்வளவு பெருமையாகச் சொன்னார்.

"மறுபடி ஏறுங்க. இந்தத் தடவை பேசிக்கிட்டே ஏறணும், வாயை மூடக் கூடாது" என்றார் டாக்டர்.

"என்னத்தப் பேச?"

"செபம் சொல்லு மாப்ளே" என்றேன் நான்.

'அருள் நிறைந்த மரியாயே' என்று கணீரெனத் தொடங்கினார். முதலில் சொற்கள் முழுசாக வந்தன. பிறகு நடுநடுவே விழுங்கினார். பிறகு வாய் மட்டும் அசைந்தது, சத்தமில்லை. தகரம் தட்டிக்கொண்டேயிருந்தது. கால் பெஞ்சைத் தவறவிட, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் வெகுநேரம் நாடியை விடவில்லை. கோட்டை அவரே கழற்றிவிட்டார்.

"கடல்லே தம் முடிஞ்சா மேலே வந்தா காத்து இருக்கு. புகைக்கு நடுவுல முடிஞ்சா? ஒரே மூச்சுல அத்தனை புகையும் உள்ளே போயிடும். இத்தனை நாள் நீங்க திரும்பி வந்ததே பெரிசு."

"அதுக்காக என்னைய வெளிய நிப்பாட்டிப்புடாதீக" என்றார் பாம்பன்காரர். அவர் கெஞ்சி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "குழாயப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கவா நான் வந்தேன்?"

டாக்டர் எங்கள் நிலைய அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தரையைப் பார்த்தார். "இனி அவன் உள்ள போக வேணாம்" என்றார் கடைசியில். கச்சான் தகரக்கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

அன்று மத்தியானமே மணி அடித்தது. மேற்கே ஒரு கருவாட்டுக் கொட்டகை. நாங்கள் போனபோது கூரையின் ஒரு பக்கம் எரிந்து, காற்று புகையை முழுக்க உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. "எங்க அய்யா உள்ள படுத்திருக்காரு" என்று ஒரு பெண் மணலில் புரண்டாள்.

பழக்க தோஷம், எல்லோரும் பாம்பன்காரரைத்தான் பார்த்தோம். அதிகாரியும் பார்த்தார். 'போ' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. பாம்பன்காரர் வாசலை நோக்கி ஓரடி வைத்தார். நின்றார். அந்தப் பெண்ணைப் பார்த்தார், புகையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏலே மாப்ளே, நீ போ. தம் கட்டாத. தரையோட தவழ்ந்து, கத்திக்கிட்டே போ. உன் சத்தம் நின்னுச்சு, இழுத்துப்புடுவேன்."

அவர் வண்டியிலிருந்த கயிற்றை எடுத்து என் இடுப்பில் சுற்றி முடிந்து, இழுத்துப் பார்த்து, மறுபடி முடிந்தார். மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, காதை வாசலுக்குக் கொடுத்தபடி மணலில் மண்டியிட்டார்.