முன்சீட்டு வேண்டாம்

மலையடிவார முந்தலில் இருந்து போடிமெட்டு ஏறும் ஜீப்பில் முன்சீட்டுக்குச் சண்டை வராது. டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம். மாசமாக இருக்கிறவள், காலில் அடிபட்டவள், வளைவு வந்தால் வாந்தி எடுக்கிறவள் ஆகியோருக்கு அந்த இடம். மற்றவர்கள் பின்னால் எதிரெதிரே, முட்டி முட்டியோடு இடிக்க உட்கார வேண்டும். மழை பெய்தால் படுதாவை இறக்கிவிடுவார்கள். உள்ளே இருட்டாகிவிடும். வெற்றிலை, ஈரச் சட்டை, முந்தைய நாள் ஏலக்காய், தூக்குவாளிக் குழம்பு எல்லாம் சேர்ந்து ஒரே வாசனையாக இருக்கும்.

சின்ன வயதில் பள்ளி விடுமுறைகளில் அம்மாவோடு ஏலக்காட்டுக்கு அந்த ஜீப்பில்தான் போயிருக்கிறேன். ஒருமுறைகூட வாந்தி எடுத்ததில்லை. எந்த வளைவில் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று உடம்புக்கே தெரியும்.

இப்போது அந்த ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் போகாத ஒரே ஆள் நான். அம்மாவும் மற்றப் பெண்களும் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார்கள். நான் இஸ்திரி போட்ட சுடிதாரும் கழுத்தில் அடையாள அட்டையுமாக இருப்பேன். சூரியநெல்லிப் பக்கம் ஒரு சுற்றுலா விடுதியில் எனக்கு ரிசப்ஷன் வேலை. ஜீப் என்னை விடுதி வாசலில் இறக்கிவிட்டுத் தோட்டத்துக்குப் போகும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.காம். முடித்திருக்கிறேன். விருந்தினர்களிடம் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் பேசுவேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

முதல்முறை அது வந்தது ஒரு மழைக்காலக் காலையில். படுதா இறக்கியிருந்தது. மலையின் பாதியில், ஒரு லாரிக்கு வழிவிட ஜீப் நின்றது. திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. காற்று உள்ளே போகிறது, ஆனால் போதவில்லை. விரல்கள் மரத்துப்போயின. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. நான் இங்கேயே, இந்த இருட்டிலேயே சாகப்போகிறேன் என்று ஒரு எண்ணம். சந்தேகமே இல்லாமல், ஒரு தகவலைப்போல வந்தது அந்த எண்ணம். எழுந்து படுதாவைப் பிடித்து இழுத்தேன்.

"ஆத்தி, புள்ளைக்கு மலை சேரலடி!" என்றார் எதிரே இருந்த அத்தை. எங்கள் தெருக்காரர், அம்மாவுக்கு மதினி முறை. "எலுமிச்சம்பழத்த எடு. பையி எங்க, பையி?"

பிறகு நடந்ததெல்லாம் ஒரே வேகம். ஒருவர் எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கில் வைத்தார். ஒருவர் பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்தார். அம்மா முதுகைத் தேய்த்தார். "கண்ண மூடிக்கத்தா, வெளிய பாக்காத, கொமட்டிக்கிட்டு வந்தா எடுத்துரு" என்று நாலு பக்கமும் குரல். டிரைவர் அண்ணன் இறங்கி வந்து, முன்னால் உட்கார்ந்திருந்தவரைப் பின்னால் அனுப்பிவிட்டு என்னைத் தூக்காத குறையாக முன்சீட்டில் ஏற்றினார். மேலே போவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. எலுமிச்சம்பழம்தான் அடக்கியது என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

அதன்பிறகு மாதக்கணக்கில் முன்சீட்டு எனக்கே என்றானது. அந்த மலையில் ஏறி இறங்குகிற எங்கள் ஆட்களிடம் வளைவு மயக்கத்துக்கு இல்லாத வைத்தியம் இல்லை. எல்லாம் என் மேல் நடந்தது. கையில் எலுமிச்சம்பழம், மடியில் பை, கண்ணை இறுக்கி மூடு, காலையில் எதுவும் சாப்பிடாதே. நான் இட்லியை விட்டுவிட்டு வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் காப்பி குடித்துவிட்டு ஏறினேன். கண்ணை மூடியிருந்ததால் இதயம் அடிப்பது மட்டும்தான் கேட்கும். அடுத்தது எப்போது வரும் என்று அதையே கேட்டுக்கொண்டிருப்பேன். முதலில் மழை நாளில் மட்டும் வந்தது. பிறகு வெயிலிலும் வந்தது. பிறகு முந்தைய நாள் சாயங்காலமே மறுநாள் ஜீப்பையே நினைத்துக்கொண்டிருக்க ஆரம்பித்தேன்.

அத்தை சும்மா இருப்பவர் இல்லை. "ஏ மதினி, ஒம் மக தெனமும் முன்சீட்டு கேக்குறாளே, எதும் விசேஷமா?"

"ஒன் வாயில மண்ணள்ளிப் போட்ருவேன் பாத்துக்க" என்றார் அம்மா.

"அது ஏசியில நின்ன ஒடம்பு மதினி. இனி மலை எங்கிட்டு ஏறும்?"

ஜீப்பே சிரித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மலை சேராதவள் என்று பெயர் வாங்கியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெளியூர்க்காரர்களுக்குத்தான் மலை சேராது. அவர்கள் வெளுத்த முகத்தோடு வந்து நிற்கும்போது வெந்நீர் கொடுத்து உட்காரவைப்பது என் வேலை.

ஆறேழு மாதம் கழித்து அது ரிசப்ஷனிலேயே வந்தது. வளைவு இல்லை, ஜீப் இல்லை, சமதளத்தில் நின்றுகொண்டிருந்தேன். கொச்சியில் இருந்து ஒரு பெரிய குடும்பம் வந்திறங்கியிருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டுக்கொண்டு மேசையைச் சுற்றி நின்றார்கள். அதே படபடப்பு, அதே மரத்த விரல்கள். கையில் இருந்த சாவிகளை அப்படியே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் விடுதி வண்டியிலேயே பக்கத்து ஊர் மருத்துவமனைக்கு அனுப்பினார்.

இ.சி.ஜி. எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். தைராய்டும் பார்த்தார்கள். டாக்டர் நடுத்தர வயது மலையாளி அம்மா. மறுபடி வரச்சொல்லி, முடிவுகளை வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"ஜீப்பில வரும்போ எத்தன தடவ வாந்தி எடுத்திருக்கு?"

யோசித்தேன். "எடுத்ததே இல்லை, டாக்டர்."

"ஒரு தடவ கூட?"

ஒரு தடவைகூட இல்லை. இத்தனை மாதம் ஒரு ஜீப் நிறைய ஆட்கள் எனக்காகப் பை பிடித்தார்கள். பை ஒருநாளும் நனையவில்லை. இதை அவர்களும் கவனிக்கவில்லை, கணக்குப் பாடம் படித்த நானும் கவனிக்கவில்லை.

"ஹார்ட்டுக்கு ஒண்ணும் இல்ல, மோளே. இது பானிக் அட்டாக். பயம் ஒடம்பு வழியா வருது. ஆளக் கொல்லாது. கொல்லப்போற மாதிரி காட்டும், அவ்வளவுதான்." மருந்தும் உண்டு, பேசிப் பழகிச் சரிசெய்கிற வழியும் உண்டு என்றார். மருந்து இல்லாமல் முயன்று பார்க்கலாமா என்று கேட்டேன். பார்க்கலாம், மூன்று மாதத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் மருந்தைப் பற்றி மறுபடி பேசலாம் என்றார். நான் மருந்து வேண்டாம் என்றதற்குப் பெரிய கொள்கை ஏதும் இல்லை. வீட்டில் மாத்திரை அட்டையைப் பார்த்தால் அம்மா என்ன மாத்திரை என்று கேட்பார். தெரு முழுக்கக் கேட்கும். அதே மருத்துவமனையில் மாத்திரை எடுத்து நன்றாக இருக்கிற ஒரு ஆசிரியையை எனக்குத் தெரியும். எனக்கும் தேவைப்பட்டிருந்தால் எடுத்திருப்பேன்.

அங்கே வாரம் ஒருநாள் வருகிற ஆலோசகர் என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். நான் எப்படி மலை ஏறுகிறேன் என்று முழுவதும் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்ததும், "அந்த எலுமிச்சை இல்லாம ஒரு நாள் வந்திருக்கியா?" என்று கேட்டார்.

"இல்லை. வந்தா என்ன ஆகும்னு தெரியாதே."

"அதுதான். தெரியாததுனால அது இல்லாம முடியாதுன்னு ஒடம்பு நம்பிடுச்சு."

வாந்திக்குச் சரியான வைத்தியம் எல்லாம் எனக்குத் தப்பான வைத்தியம் என்று அன்றைக்குப் புரிந்தது. கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். வயிற்றில் சாப்பாடு இருக்க வேண்டும். காப்பியைக் குறைக்க வேண்டும். அது வரும்போது ஓடக்கூடாது, அடக்கவும் கூடாது. மூச்சை இழுத்து இழுத்து வாங்காமல், மெதுவாக வெளியே விட வேண்டும். பாதம் தரையில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். உச்சிக்கு ஏறிவிட்டுத் தானே இறங்கும், அதுவரை இருந்தால் போதும். கடைசியாக, முன்சீட்டை விட்டுப் பின்னால் போக வேண்டும்.

எழுதிவைத்தால் எளிது. முதல் வாரங்களில் ஒன்றும் எளிதாக இல்லை. எலுமிச்சம்பழத்தை முதலில் பையில் வைத்துக்கொண்டு, கையில் எடுக்காமல் வந்தேன். பிறகு அதை வீட்டிலேயே விட்டேன். அன்றைக்கு மிக மோசமாக வந்தது. கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். சாலையோரத் தடுப்புக் கற்களில் பூசிய கறுப்பு வெள்ளையையும், குரங்குகளையும், கீழே வெயில் பட்ட போடி ஊரையும் பார்த்துக்கொண்டே வந்தேன். சாகவில்லை. விடுதி வாசலில் இறங்கி நேராக வேலைக்குள் போய்விட்டேன்.

பின்சீட்டுத்தான் பெரிய பாடாக இருந்தது. என் உடம்பைவிட ஜீப்பில் வரும் பெண்கள்தான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் பின்னால் ஏறினால் பிடித்து இறக்குவார்கள்.

"அங்கிட்டுப் போத்தா. மேல எடுத்து வச்சியன்னா யாரு கழுவுறது?"

"எடுக்க மாட்டேன் அத்தை."

"எடுக்குறவ எவ சொல்லிட்டு எடுத்தா?"

டிரைவர் அண்ணனும் வண்டியை எடுக்காமல் ஹாரனை அடிப்பார். நான் தோற்றுப்போய் முன்னால் ஏறுவேன். உண்மையைச் சொன்னால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மலை சேராதவள் என்பதே தாங்கவில்லை, பயந்தவள் என்று எப்படிச் சொல்வது? படிக்கவைத்ததே பயமில்லாமல் பேசத்தான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர், ஊழியர் குடியிருப்பில் ஒரு அறை காலியாக இருக்கிறது, தங்கிக்கொள்கிறாயா, சனிக்கிழமை சொல் என்றார். ஜன்னல் வைத்த, சுத்தமான அறை. தங்கினால் ஜீப்பே வேண்டாம். வாரம் ஒருமுறை இறங்கினால் போதும், அதையும் தள்ளிப்போடலாம். அம்மாவிடம் சொன்னேன். "தங்கிக்கத்தா. தெனமும் எதுக்குச் செத்துச் செத்து வர்ற?" என்றார். அப்பாவும் மறுக்கவில்லை.

ஆலோசகர் மட்டும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. "ரூம் நல்லதுன்னா எடுத்துக்கோ. மலைக்குப் பயந்து எடுத்தா, அடுத்தது எதுக்குப் பயந்து எத விடுவேன்னு யோசி."

யோசித்தேன். ரிசப்ஷன் மேசையிலும் அது வந்திருக்கிறது. அதற்காக மேசையை விட வேண்டும். பிறகு கூட்டம், பிறகு பஸ், பிறகு கடை. அந்த ஜன்னல் வைத்த அறையில் உட்கார்ந்துகொண்டு, மூன்று மொழியில் யாரிடமும் பேசாமல் இருப்பேன். அறையை எடுத்துக்கொண்டால் வேலை மிஞ்சாது. இது எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. ஜீப் விடுதி வாசலுக்கு வந்தபோது படுதா இறக்கியிருந்தது. முன்சீட்டு எனக்காகக் காலியாக இருந்தது. நான் பின்பக்கம் போய்ப் படுதாவைத் தூக்கி ஏறினேன். யாரும் பிடிப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

"எனக்கு மலை சேராம இல்ல. பயம். காரணமில்லாம வர்ற பயம். டாக்டர்ட்ட போறேன். வந்தாலும் கொஞ்ச நேரத்துல போயிரும். யாரும் எதுவும் செய்யாதீங்க. பேசிக்கிட்டே வாங்க, போதும்."

அம்மா என் முகத்தையே பார்த்தார். அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "இம்புட்டுத்தானா? நான் மாப்பிள்ளை பாக்குற வியாதின்னுல்ல நெனச்சேன்."

"ஒனக்கு எப்பவும் அதே நெனப்பு" என்றார் அம்மா. நகர்ந்து இடம் கொடுத்தார்.

போடிமெட்டு தாண்டி இரண்டாவது மூன்றாவது வளைவில் அது வந்தது. ஜீப்புக்குள் இருட்டு. நெஞ்சு அடித்தது. விரல் மரத்தது. பேச்சு நின்றுவிட்டது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் பார்த்தேன். ஓரத்தில் இருந்தவர் பழக்கத்தில் முந்தானை முடிச்சை அவிழ்த்து எலுமிச்சம்பழத்தை எடுத்தார். அத்தை அவர் கையில் ஒரு போடு போட்டார்.

"அவதான் ஒண்ணும் பண்ணாதன்னாள்ல? பேசுங்கடி!"

"என்னத்தப் பேச?"

"கருவாட்டுக் கொழம்புக்குத் தக்காளி போடலாமா கூடாதா, அதப் பேசு."

போடக்கூடாது என்றார் ஒருவர். தக்காளி இல்லாமல் அது என்ன குழம்பு என்றார் இன்னொருவர். என் மாமியார் செத்தாலும் போடமாட்டாள் என்றார் மூன்றாமவர். சண்டை நிஜமாகவே சூடுபிடித்தது. நான் காலைத் தரையில் அழுத்தி, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு அதைக் கேட்டேன். அது ஏறியது. இன்னும் ஏறியது. பிறகு, யாரும் இறக்காமலே, இறங்கியது.

இப்போதும் வருகிறது. முன்போல் அடிக்கடி இல்லை. மூன்று மாதம் முடிந்து டாக்டரைப் பார்த்தேன். இப்படியே போகலாம், ஆனால் தூக்கம் கெட்டாலோ மறுபடி அதிகமானாலோ உடனே வா என்றார். சரி என்றேன்.

நான் பின்னால் ஏறிய அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாளே மேனேஜரிடம் அறை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அசாமில் இருந்து சமையலறை வேலைக்கு வந்திருந்த பெண்ணுக்கு அதைக் கொடுத்தார்கள். சாவியை அவளிடம் கொடுத்து, ஜன்னல் கொக்கி எப்படிப் போடுவது என்று காட்டிவிட்டு வந்தேன். சாயங்காலம் ஜீப் வந்து ஹாரன் அடித்தது.