வேணி மிஸ்ஸுக்குப் பிறகு யார்?

துணைப் பயிற்சியாளர் என்றால் பயிற்சி கொடுப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வளையத்துக்குக் கீழே நின்று, விழுகிற பந்தைப் பொறுக்கிப் போடுகிற வேலை.

மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் கூடைப்பந்து அணிக்கு அந்த வேலையை நான் பார்த்தேன். எழுபதுகளின் கடைசி அது. இரண்டாவது நாற்காலியிலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்கள், ஹெட்மாஸ்டர் ஆகாத சீனியர் வாத்தியார்கள், மேனேஜர் ஆகாத அசிஸ்டென்ட் மேனேஜர்கள், நீங்களெல்லாம் இதைப் படித்தால் சிரிப்பதற்கு முன்னால் லேசாகத் தலையைக் குனிந்துகொள்வீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

விளக்குமாறு

எங்கள் பயிற்சியாளர் கமலவேணி. ஊருக்கே வேணி மிஸ். வெள்ளைப் புடவை, கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். பல்கலைக்கழகப் போட்டியின் சுழல் ஷீல்டு அவர் காலத்தில் எங்கள் கல்லூரிக் கண்ணாடி அலமாரியை விட்டு வெளியே போனதே இல்லை. சுழல் ஷீல்டு என்ற பெயரே எங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து செருப்பில்லாமல் வந்து சேர்ந்த பெண்களை அவர் மாநில அணிக்கு அனுப்பியிருக்கிறார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவர் விசிலை வாயருகே கொண்டுபோனாலே பிள்ளைகள் நின்றுவிடுவார்கள்.

ஒரு நாள் காலைப் பயிற்சி முடிந்ததும், "இந்த வருஷத்தோட நான் ரிட்டயர் ஆகுறேன். எல்லாரும் போய்க் குளிங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பிள்ளைகள் குளிக்கப் போகவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, நான் அவசரமாகக் குனிந்து பந்துகளை வலைப்பைக்குள் போட ஆரம்பித்தேன். மைதானம் பெருக்கும் முத்துக்கா பக்கத்தில் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "இனிமே நீங்கதான பெரிய மிஸ்ஸு. மொத வேலையா எனக்கு ஒரு நல்ல வெளக்கமாறு வாங்கிக் குடுத்துருங்க."

விண்ணப்பம்

நானே கேட்கக் கூடாது, அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. பேப்பரில் விளம்பரம் வந்தது. அதை ஸ்டாஃப் ரூமில் தமிழ்த்துறைக்காரர்கள்தான் எனக்குக் காட்டினார்கள். காட்டிவிட்டு, யாரும் என்னோடு அதிகம் பேசவில்லை.

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனேன். அந்த அம்மாள் நல்லவர், என்னை மகள் மாதிரிதான் நடத்துவார். தாளை வாங்கி, மேலே இருந்த பெயரைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சொன்னார்: "போடு ராஜி, தப்பில்ல. ஆனா நீயும் இன்டர்வியூவுக்கு வந்துட்டா, மத்தவங்கள ஜங்ஷன்ல போய்க் கூட்டிட்டு வர ஆளு யாரு இருக்கா?"

பெட்டி

ஆள் வேறு யாரும் கிடைக்கவில்லை. நானே போனேன்.

முதலில் வந்தவர் மெட்ராஸைச் சேர்ந்த லலிதா. மாநிலத்துக்கு ஆடியவர். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். நீல நிற ட்ராக் சூட்டில் ரயிலிலிருந்து இறங்கியதும் பிளாட்பாரத்தில் டீ விற்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார். நான் கல்லூரிப் பெயரைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே பெட்டியை என் கையில் கொடுத்தார். நானும் ஒரு வேட்பாளர்தான் என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. ஜட்கா வண்டி வரை தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அதற்கப்புறம் சொன்னால் அவருக்குச் சங்கடம், எனக்கு அதைவிடச் சங்கடம்.

மைதானத்தில் அவர் ஓடிவந்து எம்பி லே-அப் போட்டுக் காட்டினார். பந்து பலகையை முத்தமிட்டு வலைக்குள் இறங்கியது. பொறாமைப்படவும் முடியாத அழகு. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். சாயங்காலம் திரும்ப ரயிலேற்றிவிட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டு மனசாரச் சொன்னார்: "ரொம்ப நல்லா கவனிச்சுக்கிட்டீங்க. நான் இங்க வந்தேன்னா உங்கள மாத்த விடமாட்டேன்."

பட்டாளம்

அடுத்தவர் பட்டாளத்தில் பயிற்சி கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு சுபேதார். பெண்கள் கல்லூரிக்கு ஆண் பயிற்சியாளரா என்று நிர்வாகத்தில் ஒரு பேச்சு இருந்தது. இருந்தாலும் வயதானவர், கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று கூப்பிட்டார்கள்.

வந்ததும் பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார். நிறுத்தவே இல்லை. முதல் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வருவார்கள் என்பதால் ஓட்டத்துக்கு முன்னால் ஆளுக்கு ஒரு கை அவித்த கடலை கொடுப்பது வேணி மிஸ் வழக்கம். அன்றைக்கும் கடலைச் சட்டி என் கையில்தான் இருந்தது. பெரியவர் வேகத்தைப் பார்த்துக் குறுக்கே போகத் தயங்கி நின்றேன். திருமங்கலத்துப் பிள்ளை ஒருத்தி சுருண்டு விழுந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் சுபேதார் பக்கத்தில் வந்து, பட்டாளத்தில் தன்னிடம் ஓடிய ஒருவனும் இப்படி விழுந்ததில்லை என்றார். அணித்தலைவி செல்வி, உசிலம்பட்டிக்காரி, விழுந்தவளின் தலையை மடியில் வைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "பட்டாளத்துல காலையில சோறு போட்டுல்ல சார் ஓடவிடுவாக."

நான் சொல்லியிருக்க வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள் என்பது இன்னொரு விஷயம்.

நான் போட்ட நாற்காலி

என் முறை கடைசியில் வந்தது. அறையைக் காலையில் ஒழுங்குபண்ணியது நான்தான். ஒரு கால் ஆடுகிற நாற்காலியை யார் உட்காரப்போகிறார்கள் என்று யோசிக்காமல் எதிர்ப்பக்கம் போட்டிருந்தேன். அதில் நான்தான் உட்கார்ந்து ஆடினேன். எதிரே பிரின்சிபால், நிர்வாகச் செயலாளர், ஆலோசனை சொல்ல வேணி மிஸ்.

வேணி மிஸ் இல்லாமல் ஒரு மேட்சாவது நடத்தியிருக்கிறேனா என்று செயலாளர் கேட்டார். மிஸ்ஸுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது திண்டுக்கல்லுக்கு நான் அணியைக் கூட்டிப்போய் ஜெயித்து வந்ததைச் சொன்னேன். "அது மிஸ் தயார் பண்ணின டீம்தானம்மா" என்றார் அவர். ஆமாம் என்றேன்.

பிறகு வேணி மிஸ் பக்கம் திரும்பி, உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார். என்னை வெளியே போகச் சொல்வார்கள் என்று எழப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. மிஸ் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். பத்து வருஷத்துக்கு மேல் அவரோடு நின்றவள் நான். அந்தக் குரலில் கோபமும் இல்லை, பிரியமும் இல்லை. "ராஜேஸ்வரி தங்கமான பொண்ணு. ஆனா விசில் ஊதுறதுக்கு முன்னாடி என் முகத்தைத் திரும்பிப் பாப்பா."

ரீட்ரெடிங்

விளாங்குடியில் நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணனுக்குத் திண்டுக்கல் ரோட்டில் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற ரீட்ரெடிங் கடை. லாரி டிரைவர்களுக்கு டீயோடு சேர்த்து எங்கள் குடும்பச் செய்தியும் கிடைக்கும். தங்கச்சி பெரிய மிஸ் ஆகப்போகிறாள் என்று வேலை காலியாவதற்கு முன்பே சொல்லிவிட்டிருந்தான்.

லலிதாவுக்கு வேலை கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த அன்று கடை வழியாகப் போகாமல் பின்பக்கம் தெருவைச் சுற்றி வீட்டுக்கு வந்தேன். அங்கேயும் ஒரு டிரைவர் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, எப்ப ஸ்வீட்டு?" என்றார். அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன், கண்ணுக்கு ஒரு காரணம் வேண்டுமே. அண்ணன் வந்து நிலைப்படியில் நின்றான். அவனுக்கும் என்னைப் பார்க்கக் கூச்சம். "விடு ஆத்தா, அடுத்த தடவ உனக்குத்தான்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்" என்றான். "அடுத்த தடவைன்னா எப்பண்ணே?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துச் சொன்னான்: "அந்த மெட்ராஸ் பிள்ளை ரிட்டயர் ஆகும்போது."

நாலாவது ஃபவுல்

மெட்ராஸ் பிள்ளை வேலைக்கே வரவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் பேங்க் வேலை கிடைத்துவிட்டது. சுபேதாரைக் கூப்பிடச் செயலாளருக்கு மனமில்லை. வேணி மிஸ் ரிட்டயர் ஆகிவிட்டார், பல்கலைக்கழகப் போட்டியும் நெருங்கிவிட்டது. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, தற்காலிகமாகப் பார்த்துக்கொள் என்றார். சாப்பிட ஆள் வராததால் மிஞ்சிய இலையில் உட்காரச் சொன்ன மாதிரி இருந்தது. உட்கார்ந்தேன்.

இறுதி ஆட்டம், சிவகங்கை ரோட்டில் புதிதாகத் தொடங்கிய ஒரு கல்லூரியோடு. பாதி ஆட்டம் வரை நாங்கள்தான் முன்னால். அப்புறம் செல்விக்கு நாலாவது ஃபவுல் விழுந்தது. ஐந்தாவது விழுந்தால் வெளியே. உடனே அவளை உட்கார வைத்துக் கடைசி நிமிஷங்களுக்குக் காப்பாற்ற வேண்டும், பந்து பொறுக்குகிறவளுக்குக்கூட அது தெரியும். ஆனால் அவளில்லாமல் முன்னிலை போய்விடுமே என்று பயம். திரும்பி, பார்வையாளர் வரிசையில் வேணி மிஸ் இருப்பார் என்று பார்த்தேன். அவர் வந்திருக்கவில்லை. வந்திருக்கவில்லை என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குள் ஐந்தாவது விசில் ஊதிவிட்டார்கள்.

தோற்றோம். செல்வி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். துண்டுக்குள்ளிருந்தே சொன்னாள்: "நீங்க வெளியே கூப்புடுவீகன்னு நாலஞ்சு தடவ திரும்பிப் பாத்தேன்க்கா."

லக்கேஜ்

ஷீல்டைத் திருப்பிக் கொடுத்தே பழக்கமில்லாததால் போட்டிக்கு அதைக் கொண்டுபோகவே நாங்கள் மறந்திருந்தோம். ஜெயித்தவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லி ஆள் வந்தது. பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பெரிய தேக்குப் பலகை. மடியில் வைத்தால் முகம் மறைந்துவிடும், அதுவும் ஒரு வசதிதான். பாதி வழியில் பள்ளத்தில் பஸ் குலுங்கியதில் புடவை நழுவியது. வெள்ளித் தகடுகளில் வரிசையாக எங்கள் கல்லூரிப் பெயர் மின்னியது.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்திலிருந்த பெரியவர் எழுந்து ஷீல்டுக்கும் இடம் கொடுத்தார். பின்னாலிருந்து யாரோ, இந்த வருஷமும் நம்ம பிள்ளைகதானா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தலை அதுவாக ஆமாம் என்று ஆடிவிட்டது. கண்டக்டரிடம் லக்கேஜ் டிக்கெட் கேட்டேன். அவர் பையை மூடிக்கொண்டு சொன்னார்: "இதுக்குப் போயி லக்கேஜ் போட்டா எங்க வீட்ல எனக்குச் சோறு போட மாட்டாக. நீங்க நல்லா உக்காந்து வாங்க மிஸ்ஸு."

கோவில்பட்டிக்கு

வேணி மிஸ் கோவில்பட்டியில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கே போய்விடப் போகிறார் என்று கேள்விப்பட்டு அவர் வாடகை வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். கேன்வாஸ் ஷூ இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. வெறுங்காலில் ரொம்பக் குள்ளமாகத் தெரிந்தார்.

"மேட்ச் பாக்க ஏன் மிஸ் வரல?" என்று கேட்டேன்.

"வந்தேன். கிரவுண்டு கேட்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்" என்றார்.

ஷீல்டு போனதற்கு மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் கயிற்றின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். இருவரும் சேர்ந்து சாக்கைக் கட்டினோம். முடிச்சுப் போட்ட பிறகுதான் இன்டர்வியூவைப் பற்றி அவராகப் பேச்செடுத்தார். கேட்டதும் எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அத்தனை நாளும் அந்தக் கோபத்தைத்தான் சேர்த்து வைத்திருந்தேன். வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்கத்தான் வெட்கமாக இருந்தது. அதுவரை பட்ட வெட்கமெல்லாம் எனக்காக, இது அவருக்காக. அவர் சொன்னது இதுதான்: "நீ திரும்பிப் பாக்குறவதான், அது பொய்யில்ல. ஆனா நான் இல்லைன்னா நீ பாக்க மாட்டேன்னும் எனக்குத் தெரியும், அத மட்டும் அங்க சொல்லல. திண்டுக்கல்ல நீ ஜெயிச்சுட்டு வந்த அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல ராஜி."

அடுத்த ஜூனில் அந்த வேலை எனக்கே நிரந்தரமாக வந்தது; வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை என்பதை மட்டும் நான் அண்ணனிடம் சொல்லவில்லை.