போகாத வீட்டின் பிபி

புவாலாய் பள்ளிக்கூட வாசலில் கோழி சுட்டு விற்பவள். பதினோரு வருஷமாக ஊரின் சுகாதாரத் தொண்டரும் அவள்தான். பதினான்கு வீடுகள் அவள் பொறுப்பு. மாதம் ஒருமுறை போய் பிபி பார்த்து, நோட்டில் எழுதி, துணை சுகாதார நிலையத்தில் கொடுக்க வேண்டும். அவள் தலை தெரிந்தாலே பெண்கள் சிரிப்பார்கள்: "உப்புப் போலீஸ் வந்துட்டா, உப்பு மீன் பானைய மூடுங்கடி!"

அவற்றில், பிபிக்கு மாத்திரை சாப்பிட்டுவந்த கம்புனின் வீடு வயலுக்கு அப்பால் தனியாக இருந்தது. ஒரு மழைக்காலத்தில் வரப்பெல்லாம் சேறு. புவாலாய் போகவில்லை. முந்தின மாத எண்ணையே கொஞ்சம் மாற்றி 132/84 என்று எழுதினாள். யாரும் கேட்கவில்லை. பிறகு வரப்பு காய்ந்தும் கை பழகிவிட்டது. இப்படியே நாலு மாதம்.

ஒருநாள் கம்புன் மரவள்ளிக் கொல்லையில் விழுந்தார். மாவட்ட ஆஸ்பத்திரியில் காசு கேட்காமல் பார்த்து உயிரைக் காப்பாற்றினார்கள். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விளங்காமல் போயின. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று மூன்று மாதமாக அவர் மாத்திரையை நிறுத்தியிருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

அவர் வீடு திரும்பியதும் துணை சுகாதார நிலைய நர்ஸ் பிம்சிரி புவாலாயின் நோட்டோடு வந்தாள். கூடவே புவாலாயும்.

"போன மாசம்கூட பிபி நல்லாத்தானே இருந்திருக்கு? மாத்திரை சாப்பிடுறாரான்னு கேக்கலையாக்கா?"

புவாலாய் வாய் திறக்குமுன் கம்புனின் மனைவி கேசோன் நிமிராமல் சொன்னாள்: "மாசாமாசம் வந்தா. கேட்டா. இவருதான் சாப்பிடுறேன்னு புளுகிட்டாரு."

கம்புனுக்குக் கோணிய வாயால் பேச முடியவில்லை. கண் மட்டும் புவாலாயை விட்டு நகரவில்லை.

நர்ஸ் வண்டியேறிப் போனதும் புவாலாய் கேட்டாள்: "ஏன்க்கா அப்படிச் சொன்னே?"

"உன்னை வேலைய விட்டுத் தூக்கிட்டா, அடுத்த மழையில இந்தச் சேத்துல இறங்கி வேற எவ வருவா? நீயாவது இனிமே வருவே."

கேசோன் நாலு அறை விட்டிருந்தால் புவாலாய் தாங்கியிருப்பாள்.

மறுநாள் அவள் கோழி சுடும் அடுப்பை மூட்டவில்லை. சுகாதார நிலையத்துக்குப் போய், நாலு மாதம் போகாமலே எழுதியதைக் காத்திருந்தவர்கள் காதில் விழவே சொல்லிவிட்டாள். பிம்சிரி நோட்டை எடுத்துப் புரட்டினாள்.

"மத்த வீடு?"

"போனேன். சத்தியமா." அதை நம்பச் சொல்லத் தனக்கு வாயில்லை என்று சொல்லும்போதே தெரிந்தது.

"ஒன்பது ஊருக்கு ரெண்டே நர்ஸ். உங்க நோட்டை நம்பித்தான்க்கா நான் அந்தப் பக்கமே போகல." பிம்சிரி பேனாவை நீட்டினாள். "நாலு வரியையும் அடிச்சு, போகலைன்னு உங்க கையாலயே எழுதுங்க. மேல சொல்லத்தான் செய்வேன். இப்ப வாங்க, எல்லா வீட்டையும் சேர்ந்து பார்ப்போம்."

இன்னும் இரண்டு வீடுகளில் மாத்திரை நின்றிருந்தது. நல்லவேளை, இருவரும் நடமாடிக்கொண்டிருந்தார்கள். மேலிடம் புவாலாயை எச்சரித்துவிட்டு வைத்துக்கொண்டது. அவளுக்குப் பதிலாக வேறு யாரும் கிடைக்கவில்லை.

கம்புன் வீட்டுக்கு அவள் இப்போது வாராவாரம் போகிறாள். முதல் நாள் அவர் இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். கேசோன்தான் எடுத்து வெளியே வைத்தாள். 168/102. எழுதியதை அவர் கண்ணெதிரே காட்டினாள் புவாலாய். அவர் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.