நாற்பத்தோரு நாள், இரண்டு பைகள்

1994ஆம் ஆண்டு செப்டம்பர் 17, சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். கடல் பக்கமிருந்து வந்த மழை எங்கள் தகரக் கூரையைத் தட்டத் தொடங்கி ஆறு நிமிடம் ஆகியிருந்தது. சட்டைக்குள் ஒரு புத்தகத்தை வைத்து, இரண்டு கையாலும் அணைத்தபடி வீட்டுக்குள் நுழைந்தேன்.

துறைமுகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதன்பின் காலை வேளைகளில் சூலியா தெருவில் ஒரு தங்கும் விடுதியின் முகப்பில் உட்கார்ந்து, முதுகில் பை சுமந்து வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தாய்லாந்து விசாப் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றோடு 1,126 படிவங்கள். நான் ஒருமுறைகூட எல்லை தாண்டியதில்லை. அன்று காலை புறப்பட்டுப் போன ஒரு பெண், பையின் கனம் குறையட்டும் என்று தன் வழிகாட்டிப் புத்தகத்தை என் மேசையில் விட்டுப் போய்விட்டாள். தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா என நான்கு நாடுகள். எட்டுப் பக்கங்களைக் காணோம்.

என் மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து புத்தகத்தைத் துண்டால் ஒற்றினாள். நடுவில் மடித்திருந்த வரைபடத்தை மேசையில் விரித்தாள்.

“இது என்னங்க, இவ்வளவு நீளமா?”

“மேக்கோங் ஆறு.”

“படகு ஓடுமா?”

“ரெண்டு நாள் போகுமாம். பலகையில உக்காந்துக்கிட்டே போகணும்.”

அந்த நீலக் கோட்டின்மேல் விரலை வைத்து மெல்ல இறக்கிக்கொண்டே போனாள். அடுப்பில் கெண்டி கொதித்து அடங்கியது. விரல் கடலுக்கு வந்து சேர்ந்தது.

“அப்போ போலாம்லா,” என்றாள், பசாருக்குக் காய் வாங்கப் போகிறவள்போல.

போக முடியுமா என்பது இனி வர வேண்டிய ஒரு கடிதத்தில் இருந்தது. என் அடையாள அட்டை குடிமக்களுக்கான நீலம், அவளுடையது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு. மூன்று வயதில் அப்பாவோடு கப்பலில் வந்து, பிற்பாடு நான் வேலை பார்த்த இதே துறைமுகத்தில் இறங்கியவள் அவள். இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில் குடியுரிமைக்கு எழுதிப் போடச் சொன்னார்கள். எப்படியும் ஊருக்குத்தானே திரும்பப் போகிறோம் என்று அவள் அப்பா போடவில்லை. திரும்பவும் இல்லை. கல்யாணமான பிறகு நானாவது போட்டிருக்கலாம். வீட்டை விட்டு எங்கே போகப்போகிறாள் என்று இருபது ஆண்டு இருந்துவிட்டேன். அதன்பின் போட்ட இரண்டு மனுக்களும், அவள் வந்திறங்கியதற்கான தாள் இல்லாமல் திரும்பி வந்தன. அந்த ஆண்டு மார்ச்சில் மூன்றாவது மனுவைப் போட்டிருந்தோம். குடியுரிமை கிடைத்தால் கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட். கடப்பிதழ் கிடைத்தால் மேக்கோங்.

நான் எண்ணிய மூட்டைகளுக்கெல்லாம் தாள் இருந்தது.

அன்றிலிருந்து மழைக்காலம் முழுவதும் எங்கள் சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. நான் கணக்குப் போட்டேன். நாற்பத்தோரு நாள், ஆளுக்கு ஒரு பை, பை ஏழு கிலோ, நான்கு சட்டை, காலுறை மூன்று ஜோடி, வயிற்றுப்போக்கு மாத்திரை இருபத்து நான்கு. கொசு, நாய்கள், பாலம் இல்லாத இடங்கள் என்று பயப்பட வேண்டியவற்றுக்குத் தனிப் பட்டியல் வைத்திருந்தேன். அது முப்பத்தெட்டு வரை போனது. அவள் கேட்டதெல்லாம் வேறு. ஆற்றில் விடியும்போது குளிருமா, அங்கே வீட்டு வாசலில் என்ன பூ வைப்பார்கள், ரயிலில் சன்னலைத் திறக்க விடுவார்களா. புத்தகத்தில் இல்லாததற்கெல்லாம் நான் ஏதாவது சொல்லிவைப்பேன். காணாமல்போன எட்டுப் பக்கங்களில்தான் அவள் அதிகம் நடமாடினாள் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கங்களில் ஒரு மலையும், மலையடியில் ஆரஞ்சுத் தோட்டமும் இருப்பதாக அவளாகவே முடிவுசெய்துவிட்டாள்.

“படகு கவுந்தா என்ன செய்றது? எனக்கு நீந்தத் தெரியாது,” என்றேன் ஒருநாள்.

“முப்பத்து மூணு வருஷம் தண்ணி ஓரத்துல வேல பாத்தீங்களே?”

“எண்ணத்தான் சொன்னாங்க. நீந்தச் சொல்லல.”

“அப்போ முங்கும்போது எண்ணிக்கிட்டே முங்குங்க.”

லாரிக்குப் போர்த்தும் பச்சைக் கித்தானில் அவளே இரண்டு பைகள் தைத்தாள். விடுதிக்கு வரும் பிள்ளைகளின் பைகளை நான் பார்த்து வந்து சொல்லச் சொல்ல வெட்டினாள். தோள்பட்டைக்குப் பழைய போர்வையை மடித்து உள்ளே வைத்தாள். ஒவ்வொரு பைக்கும் ஆறு அறைகள். ஆறாவது எதற்கு என்று கேட்டேன். அங்கே வாங்குவதை வைக்க என்றாள்.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். “என்னா தம்பி, ரெண்டு பேரும் ஓடிப்போறீங்களா? அறுபத்தொரு வயசுல?”

“இன்னும் தேதி வைக்கலக்கா,” என்றாள் என் மனைவி உள்ளிருந்து.

தேதியைப் பென்சிலில்தான் எழுதினேன். தீபாவளிக்குப் பிறகு. அழித்தேன். தைப்பூசத்துக்குப் பிறகு. அழித்தேன். தபால்காரரின் மோட்டார்சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போது தையல் மெஷின் நிற்கும். வண்டி எங்கள் வீட்டைத் தாண்டியதும் மறுபடி ஓடும்.

கடிதம் 1995 ஜூன் 29, வியாழக்கிழமை, பதினொன்று இருபதுக்கு வந்தது. வெயில். நான்கு வரி. ஆதாரங்கள் போதாமையால் இம்முறையும் இயலவில்லை. அவள் இரண்டு முறை படித்தாள். மடித்து, புத்தகத்தில் ஆறு இருக்கும் பக்கத்தில் வைத்தாள். நான் என் தவற்றைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

“பை தைச்சாச்சு. தூக்கிப் பாக்கணும்ல. நமக்கு எதுவரைக்கும் விடுவாங்க?”

“பாடாங் பெசார். அதுக்கு அந்தப் பக்கம் தாய்லாந்து.”

“அப்போ அதுவரைக்கும் போவோம்.”

ஜூலை 8, சனிக்கிழமை, இரண்டு பையிலும் ஏழு கிலோ அடைத்துக்கொண்டு கிளம்பினோம். காலுறைகூட மூன்று ஜோடி வைத்தோம். எங்கள் தீவிலிருந்து ஃபெரிப் படகில் எதிர்க்கரை பட்டர்வொர்த், அங்கிருந்து பஸ். எல்லைச் சாவடியைப் பார்த்தாற்போல இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்ததும், பயணத்துக்கென்று நான் முன்பே வாங்கிவைத்திருந்த கடப்பிதழை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“போயிட்டு வாங்க.”

“நீ இல்லாமலா? வேணாம்.”

“ஒருத்தராவது பாத்துட்டு வந்து சொல்லணும்ல. பையை நான் பாத்துக்குறேன்.”

நாற்பத்தேழு நிமிடம் நான் வெளிநாட்டில் இருந்தேன். திரும்ப விடுவார்களா, அவள் ஐஸ் போட்ட தண்ணீரைக் குடித்துவிடுவாளா என்ற இரண்டு கவலை. உப்பிட்ட மாங்காய் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

“எப்படி இருந்துச்சு?”

“இருபத்திரண்டு கடை. ஒரு முடிவெட்டுற கடை. அஞ்சு நாய்.”

“அவ்வளவுதானா?” மாங்காயைக் கடித்துக்கொண்டாள். “அதுல ஒரு நாய் மூணு தடவை இந்தப் பக்கம் வந்துட்டுப் போச்சு. யாரும் கேக்கல. இடுப்புல பிள்ளைய வச்சுக்கிட்டு ஒருத்தி தட்டு நிறைய முட்டை கொண்டாந்தா, ஒண்ணும் உடையல. மழை அங்க பேஞ்சு, அப்புறமாத்தான் இங்க வந்துச்சு. நீங்க எதையுமே பாக்கலியா?”

முத்திரை விழுந்த பக்கத்தைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். மை காய்ந்திருந்தது.

திரும்பும் ஃபெரியில் பைகளை மடியில் வைத்துக்கொண்டு மரப்பலகையில் உட்கார்ந்தோம். பொழுது சாய்ந்திருந்தது. தண்ணீர் செம்மையும் பழுப்புமாக, அகலமாகக் கிடந்தது. கரை வந்து எல்லோரும் இறங்கினார்கள். அவள் எழவில்லை.

“ரெண்டு நாள்னு சொன்னீங்க,” என்றாள். “இப்பத்தானே ஏறினோம்.”

ஃபெரி மறுபடி புறப்பட்டது. தீவிலிருந்து போக இலவசம், தீவுக்கு வரத்தான் காசு. ஆகவே ஒவ்வொரு முறை பட்டர்வொர்த்தைத் தொட்டதும் நான் மட்டும் இறங்கி ஓடி, காசு கட்டிவிட்டு, மறுபடி ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சிரித்தாள். மூன்றாவது சுற்றில் கரைகளைப் பார்க்காமல் தண்ணீரை மட்டும் பார்த்தோம். ஆரஞ்சுத் தோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். இடது பக்கம், இன்னும் கொஞ்ச தூரம் என்றாள்.

பஸ், காப்பி, சோறு, மாங்காய், ஃபெரி நான்கு முறை எல்லாம் சேர்த்து எழுதினேன். கடப்பிதழுக்குக் கட்டிய பணத்தைச் சேர்க்க அவள் விடவில்லை, அது அடுத்த பயணத்துக்கு உரியதாம். மொத்தம் 34 வெள்ளி 70 காசு.